குளிர் இந்த வீட்டுக்கு… உறுமல் அடுத்த வீட்டுக்கு!

*கோடை இரவுகளில் அடுக்ககங்களைப் பிரித்துவைக்கும் ஏசி சத்தம்: யார் பொறுப்பு, எப்படித் தீர்ப்பது?*

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். சென்னை வேளச்சேரியில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளம். இரவு பதினொன்றரை மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கட்டிலைத் தனியாக இழுத்து நகர்த்திக்கொண்டிருக்கிறார். ஜன்னல் பக்கம் தலைவைத்தால் காற்று வரும். ஆனால், அங்கே படுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருப்பது ஓடிஎஸ். வெளிச்சமும் காற்றும் வரட்டும் என்று கட்டடத்தின் நடுவே வானம் பார்க்க விட்டிருக்கும் குழி. அதன் சுவர்களில் இரும்பு ஆங்கிள் அடித்து ஏழு ஏசி அவுட்டோர்களை மாட்டியிருக்கிறார்கள். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று கிளம்புகிறது. அவற்றில் ஒன்று கிளம்பும்போது மட்டும், சத்தம் காதில் விழும் முன்பே ஜன்னல் கம்பியில் அதிர்வு வந்துவிடுகிறது.

குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் இதை மூன்று வாரமாக எழுதிவந்தார். “எங்க வீட்ல எதுவும் கேக்கலையே ஆன்ட்டி” என்று ஒரு பதில். “போன வருஷம்தான் வாங்கினது, இன்வெர்ட்டர் மாடல்” என்று இன்னொன்று. மூன்றாவதாக ஒருவர், வயதானால் தூக்கம் குறையும் என்பதற்கு யாரோ ஒரு டாக்டர் பேசும் வீடியோவை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு ஆசிரியை குரூப்பில் எழுதவில்லை. கட்டிலை நகர்த்தத் தொடங்கினார்.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் அடுக்ககத்தின் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போனாலும், தண்ணீர் லாரி, பார்க்கிங் இரண்டுக்கும் அடுத்தபடியாக இந்தப் பிரச்னை வந்து உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் பெரும்பாலும் இதை மனிதர்களுக்கு இடையிலான சண்டையாகவே பார்க்கிறார்கள்: ஒரு பக்கம் நச்சரிப்பவர், மறுபக்கம் அலட்சியக்காரர். விசாரித்துப் பார்த்தால், இதில் பெரும்பகுதி ஒரு போல்ட், ஒரு ரப்பர் புஷ், தப்பான ஒரு சுவர் ஆகியவற்றின் பிரச்னை. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கண்டுபிடிக்க வேண்டிய இடத்துக்கு வருவதே இல்லை என்பதுதான் கோளாறு.

பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்காது

“எங்க வீட்ல கேக்கலையே” என்பவர்மீது கோபம் வருவது இயல்பு. ஆனால், அவர் சொல்வது உண்மை.

1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் குளிரூட்டும் இயந்திரத்தை வடிவமைத்தது தொடங்கி, விண்டோ ஏசி வீடுகளுக்குள் வந்த காலம் வரை, குளிர் வேண்டும் என்றால் சத்தத்தையும் சகிக்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் விண்டோ ஏசி ஓடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்போம். கம்ப்ரஸர் ஓய்ந்ததும் அறையே பெருமூச்சு விடும். மெக்கானிக்கை எப்போது கூப்பிட வேண்டும் என்பதை ஏசிக்குச் சொந்தக்காரரின் காதே சொல்லிவிடும்.

ஸ்ப்ளிட் ஏசி வந்தபோது அந்த ஏற்பாடு உடைந்தது. கம்ப்ரஸர், பெரிய ஃபேன் என்று சத்தம் போடும் உறுப்புகளெல்லாம் வெளியே போயின. அறைக்குள் மெல்லிய காற்றொலி மட்டும் மிஞ்சியது. சொந்தக்காரரின் காதுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இப்போது ஒரு சுவரும் மூடிய ஜன்னலும் இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே இயந்திரத்துக்கும் நடுவே திறந்த ஜன்னல்தான் இருக்கிறது. பேரிங் தேய்ந்தாலும், ஸ்டாண்ட் துருப்பிடித்து ஆடினாலும், சொந்தக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. குளிர் குறைந்தால்தான் அவர் சர்வீஸுக்குச் சொல்வார்.

ஆகவே, புகார் சொல்பவர் முதலில் செய்ய வேண்டியது, அந்த வீட்டுக்காரரைத் தன் படுக்கையறைக்குள் கூப்பிடுவது. அவர் வீட்டு ஏசியைப் போட்டுவிட்டு வரச் சொல்லி, பத்து நிமிடம் உட்காரவைப்பது. இதைச் செய்யாமல் குரூப்பில் எத்தனை ஆடியோ கிளிப் போட்டாலும் பயனில்லை. செல்போன் மைக் இந்தக் கனமான உறுமலைச் சரியாகப் பதிவு செய்யாது.

யார் விலை கொடுக்கிறார்கள்?

இந்தப் பிரச்னையில் எனக்கு மிகவும் உறுத்துவது, ஏசி இல்லாதவரின் நிலை.

ஏசி இருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். இல்லாதவர் மே மாத இரவில் ஜன்னலைத் திறந்தாக வேண்டும். திறந்தால் சத்தம் வருகிறது, சத்தத்தோடு வெப்பமும் வருகிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை உறிஞ்சும். தான் இழுக்கும் மின்சாரத்தையும் வெப்பமாக்கிச் சேர்த்து வெளியே தள்ளும். முழு வேகத்தில் ஓடும்போது, மூன்று குளியலறை கீஸர்களை ஜன்னலுக்கு வெளியே ஒன்றாகப் போட்டதற்குச் சமம் அது. ஓடிஎஸ் போன்ற குழிக்குள் அந்த வெப்பம் மெதுவாகத்தான் கலையும். கடைசியில் அவரும் கடன் வாங்கி ஒரு ஏசி மாட்டுகிறார். குழிக்குள் எட்டாவது அவுட்டோர் வருகிறது. அவருக்கு அடுத்த வீட்டில் வேறு ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட இரவுநேர இரைச்சல் வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே ஆண்டு சராசரியாக 40 டெசிபலை இலக்காக வைத்தது. 55 டெசிபலைத் தாண்டினால் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து கூடுகிறது என்றது. தூக்கம் கலைவது, ரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றோடு இரவுச் சத்தத்துக்கு உள்ள தொடர்பை அந்த அறிக்கை விரிவாகவே பேசுகிறது. முழுதாக விழிக்காவிட்டாலும் உடல் விழித்துக்கொள்கிறது. இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது. காலையில் “நல்லாத்தான் தூங்கினேன், ஆனா அசதியா இருக்கு” என்று சொல்பவர்களில் பலர் இந்த ரகம்.

சீரான சத்தம் பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. மின்விசிறிச் சத்தம் பழகுகிறதே என்பார்கள். மின்விசிறி ராத்திரி முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறது. பழைய வகை ஏசியோ அறை குளிர்ந்ததும் நின்று, சில நிமிடங்களில் மறுபடி கிளம்புகிறது. தூக்கத்தைக் கெடுப்பது அந்த நிற்பதும் கிளம்புவதும்தான். அடுத்தது எப்போது என்று மூளை காத்திருக்கப் பழகிவிடுகிறது. தூக்கமே வராமல் போவது அங்கேதான்.

வயதானவர்களின் புகாரை வயதின் மேல் போட்டுத் தள்ளுவது இன்னும் பெரிய அநியாயம். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர் ஒலிகளை. கனத்த, தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. மற்ற ஓசைகள் மங்க மங்க, கம்ப்ரஸரின் உறுமல் தனித்துத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் பேரனுக்குக் கேட்காதது பாட்டிக்குக் கேட்பதில் கற்பனை எதுவும் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை வேறு மாதிரி. சத்தம் போடும் ஏசி வீட்டு உரிமையாளருடையது. அவர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். சரிசெய்யும் செலவு அவருக்கு, புகாரைக் கேட்பது குடியிருப்பவருக்கு. புகார் சொல்பவரும் வாடகைதாரர் என்றால், ‘பிரச்னை பண்ணுகிற ஆள்’ என்று பெயர் வாங்கி அடுத்த பதினோரு மாத ஒப்பந்தம் போடாமல் போய்விடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறார். தரைத்தளத்தில் ஏடிஎம் அறை இருக்கும் கட்டடங்களில் இன்னும் கொடுமை. அந்த ஏசிக்குப் பகல் இரவு கிடையாது. எதிரே நின்று பேச ஒரு மனிதரும் கிடையாது.

---

பெட்டி 1: டெசிபல் கணக்கு

• டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

• ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு அவுட்டோர்கள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். ஏழு சேர்ந்தால் 8 டெசிபலுக்கு மேல் கூடும்.

• திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். குறுகிய சந்திலும் ஓடிஎஸ்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால் இந்தக் குறைவு கிடைக்காது.

• இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு: பகலில் (காலை 6 – இரவு 10) 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி போன்ற அமைதி மண்டலங்களில் 50, 40. வணிகப் பகுதியில் 65, 55.

---

சட்டம் எங்கே நிற்கிறது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை, கட்டுப்பாடு) விதிகள்தான் இதில் அடிப்படை. ஒலிபெருக்கி, பட்டாசு, ஹாரன் பற்றி அது விவரமாகப் பேசுகிறது. ஏசி என்ற பெயர் வருவதில்லை. ஆனால், முன்னுரையில் ‘பிற இயந்திரச் சாதனங்கள்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அதற்குள் அவுட்டோரும் அடங்கும். 2005 ஜூலை 18 அன்று தலைமை நீதிபதி ஆர்.சி.லஹோத்தி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அமைதியான சூழலில் வாழ்வதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. உரிமை என்ற அளவில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. அந்த விதிகளின்படி, வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டும்போதுதான் சத்த அளவைக் காட்டிப் புகார் தர முடியும். குடியிருப்பின் இரவு வரம்பு 45 என்றால், அளவுமானி 55ஐத் தொட வேண்டும். வீட்டு ஸ்ப்ளிட் ஏசியின் அவுட்டோர் ஒரு மீட்டர் தூரத்தில் போடும் சத்தமே பெரும்பாலும் 50 முதல் 55 டெசிபல் என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலில் அது 45க்கும் 50க்கும் நடுவே நிற்கும். தூக்கம் கெட்டுவிடும், வழக்கு நிற்காது.

ஏழு அவுட்டோர்கள் சேர்ந்து வரம்பை மீறினாலோ, எந்த ஒன்றும் தனியாக மீறியிருக்காது. யார்மேல் புகார் கொடுப்பது?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சட்டம் கேட்கும் அளவு ‘ஏ’ வகை டெசிபல். காதின் இயல்பைப் போலவே, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும் வடிகட்டி அது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும் கழித்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை ரோட்டரி கம்ப்ரஸர் நொடிக்கு ஏறக்குறைய அத்தனை சுற்றுதான் சுற்றுகிறது. சுவர் வழியே வந்து நெஞ்சுக்கூட்டில் உட்காரும் அந்த உறுமல், அதிகாரி கொண்டுவரும் கருவியில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது.

இதைப் பிற நாடுகள் கையாண்டிருக்கும் விதத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. ஜெர்மனியில் 1998 முதல் உள்ள இரைச்சல் விதிப்படி, பொதுக் குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 40 டெசிபல். அளப்பது பாதிக்கப்பட்டவரின் திறந்த ஜன்னலுக்கு அரை மீட்டர் வெளியே. இரவு முழுமைக்கும் சராசரி எடுப்பதில்லை. சத்தம் அதிகமாக இருக்கும் ஒரு மணி நேரத்தைத்தான் கணக்கில் கொள்வார்கள். தாழ்ந்த ஒலிகளுக்கென்று தனித் தரநிலையும் வைத்திருக்கிறார்கள். நியூயார்க் நகரத்தில் ஏசி போன்ற காற்றுச் சாதனங்களுக்கு 42 டெசிபல் வரம்பு. அளப்பது புகார் செய்தவரின் வீட்டுக்குள், ஜன்னலைத் திறந்துவைத்து, ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி. பல சாதனங்கள் சேர்ந்து தரும் சத்தத்துக்கும் அங்கே தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. இரண்டு இடங்களிலும் அளவுமானி அவதிப்படுபவரின் ஜன்னலருகேதான் நிற்கிறது.

நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் ஒலி கண்காணிப்பு நிலையங்களை நடத்துகிறது. தியாகராய நகர், பெரம்பூர், கிண்டி, வேளச்சேரி என்று சென்னையில் பத்து இடங்கள். அவை சொல்வது சாலையின் கதை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள நான்கடிச் சந்து எந்த வரைபடத்திலும் இல்லை.

---

பெட்டி 2: படிப்படியாகப் புகார் செய்ய

• எந்த ஏசி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு வாரத்துக்குக் குறித்துவையுங்கள். எல்லாப் பேச்சுக்கும் அடித்தளம் இந்தக் குறிப்புதான்.

• அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

• புதிதாக வாங்கிப் பொருத்திய ஏசியே சத்தம் போட்டால் அதன் உரிமையாளர் நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பொருத்தியதில் குறை என்றாலும் அது சேவைக் குறைபாடே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

• கடை, ஓட்டல், வங்கி போன்ற நிறுவனத்தின் இயந்திரம் என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் அளவெடுக்கக் கோரி மனு கொடுக்கலாம். ஒலி மாசு விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் ஆணையருக்கும் உண்டு.

• பலரைப் பாதிக்கும் தொல்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவின் கீழ் (முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133) கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். தனியொருவருக்கான தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோருவதே வழி.

---

ராத்திரி பதினோரு மணிக்கு மெக்கானிக்

வேளச்சேரிக் கதைக்கு வருவோம். அந்த அடுக்ககத்துக்குப் புதிதாக வந்த செக்ரட்டரி, குரூப்பில் நடந்ததைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தார். தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவரைப் பகலில் கூப்பிடாமல் இரவு பதினோரு மணிக்கு வரச்சொன்னார். ஏழு வீட்டுக்காரர்களிடமும் அரை மணி நேரம் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொண்டார். மெக்கானிக் நேராக அவுட்டோரிடம் போகவில்லை. ஆசிரியையின் படுக்கையறையில் நின்றார்.

“எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொல்லுங்க சார். அப்புறம் ஒண்ணொண்ணா போடலாம்.”

ஐந்து அவுட்டோர்கள் ஓடியபோது சத்தம் கேட்டது, ஆனால் படுத்தவில்லை. ஆறாவதில் முன்பக்க கிரில் கடகடத்தது. ஸ்க்ரூ இரண்டு கழன்றிருந்தது. ஏழாவதைப் போட்டதும் மெக்கானிக் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தியும் சத்தம் குறையவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

“அம்மா, இது காத்துல வரல. செவுத்துல வருது.”

மூன்றாம் தளத்து வீட்டின் அவுட்டோர் அது. சர்வீஸ் செய்ய எட்டும் என்பதற்காக, பொருத்தியவர்கள் அதை ஆசிரியையின் படுக்கையறை வெளிச்சுவரிலேயே ஆங்கிள் அடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அவுட்டோரின் காலுக்கும் ஆங்கிளுக்கும் நடுவே ரப்பர் இல்லை. காப்பர் பைப் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கப்பட்டிருந்தது. கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கும் ரப்பர் புஷ்கள் வெயிலில் காய்ந்து கல்லாகிவிட்டன. மெல்லிய சுவர் முழுவதும் ஸ்பீக்கரின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மூன்றாம் தளத்து இளைஞர் அப்போதுதான் முதன்முறையாக அந்த அறைக்குள் வந்தார். சுவரில் தானும் கைவைத்துப் பார்த்தார். “ஸாரி மிஸ்” என்றார். பாடம் எடுத்தவரைக் கூப்பிடுவதுபோல அவர் ‘மிஸ்’ என்றதும், அதுவரை முகம் இறுகியிருந்த ஆசிரியை, “நீ என்ன தம்பி பண்ணுவ, உனக்குக் கேக்காதுல்ல” என்றார். அதோடு சண்டை முடிந்தது. மறுநாள் பகலில் வேலையும் முடிந்தது: ஆங்கிளைக் கழற்றி, கான்கிரீட் பீமில் அடித்தார்கள். கால்களுக்குக் கீழே கனத்த ரப்பர் பேட். புஷ்கள் புதிது. பைப்பில் ஒரு வளையம் விட்டு, கிளாம்புக்கு உள்ளே ரப்பர் சுற்றினார்கள். அவுட்டோர் ஊமையாகிவிடவில்லை. ஆனால், சுவர் உறுமுவது நின்றுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது மெக்கானிக் முதலில் பிரித்துப் பார்த்த விஷயம். காற்றில் வரும் சத்தத்துக்கும் கட்டடம் வழியே வரும் சத்தத்துக்கும் மருந்து வேறு. ஜன்னலைச் சாத்தினால் நன்றாகக் குறைந்தால் அது காற்றில் வருவது. இயந்திரத்தின் திசையை மாற்றுவது, தள்ளி வைப்பது, நடுவே கனமான தடுப்பு எழுப்புவது பலன் தரும். சாத்தியும் குறையாவிட்டால், தடுப்புக்குச் செலவழிப்பது வீண். இயந்திரத்துக்கும் சுவருக்கும் உள்ள தொடர்பை மெத்தென்று ஆக்க வேண்டும்.

இதைப் பிரிக்காமல் பலர் செய்யும் தவறு, அவுட்டோரைச் சுற்றிப் பிளைவுட் பெட்டி அடிப்பது. காற்று போக வழியில்லாமல் சூடு உள்ளேயே சுழலும். கம்ப்ரஸர் திணறும், கரண்ட் பில் ஏறும், சத்தமும் கூடும். தடுப்பு வைத்தால் ஃபேனுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு, மூன்று பக்கம் திறந்திருக்க வேண்டும். எத்தனை அடி என்பது அந்தந்த ஏசியின் பொருத்துதல் கையேட்டிலேயே இருக்கும். மொட்டை மாடிக்கு மாற்றுவது நல்ல தீர்வுதான். ஆனால், பைப் நீளத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. நீளம் கூடினால் கேஸும் கூட்ட வேண்டும். மாடியிலும் கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு நேர் மேலே ஸ்லாபில் வெறுமனே வைத்தால், பிரச்னை இடம் மாறியதுதான் மிச்சம்.

---

பெட்டி 3: சத்தமும் கோளாறும்

கடகட: கிரில், மூடியின் ஸ்க்ரூ கழன்றிருக்கும். பத்து நிமிட வேலை.

ம்ம்ம்… என்ற உறுமல்: அதிர்வு சுவரில் ஏறுகிறது. ரப்பர் பேட், புஷ், ஸ்டாண்ட் பொருத்திய இடம் ஆகியவற்றைப் பாருங்கள்.

கிரீச்: ஃபேன் மோட்டார் பேரிங். தள்ளிப்போட்டால் மோட்டாரே போகும்.

தடதட: ஃபேன் இறக்கை உடைந்திருக்கும், அல்லது ஒருபக்கம் அழுக்கு சேர்ந்து சமநிலை தவறியிருக்கும்.

கிளம்பும்போது முக்கல்: கெப்பாசிட்டர் பலவீனம் அல்லது குறைந்த வோல்டேஜ். மாலையில் வோல்டேஜ் இறங்கும் பகுதிகளில் சகஜம்.

விடாத உஸ்ஸ்: கேஸ் கசிவாக இருக்கலாம். குளிரும் குறைந்திருந்தால் உடனே பார்க்க வேண்டும்.

டொக்… டொக்: டிரெய்ன் பைப் தண்ணீர் கீழ்வீட்டுத் தகரத்தில் சொட்டுகிறது. ஒரு பைப் துண்டை நீட்டிவிட்டால் போதும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஸ்டாண்டையும் போல்ட்டையும் சீக்கிரம் தின்றுவிடும். ஆடும் ஸ்டாண்ட் சத்தம் மட்டும் தருவதில்லை. விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

---

அசோசியேஷன் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன வேலைகளில் ரப்பர் பேட், ஸ்க்ரூ, புஷ் எல்லாம் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரத்துக்குள் முடிபவை. அவுட்டோரை இடம் மாற்றுவதற்குத்தான் பல ஆயிரங்கள் ஆகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் நல்ல சமாதானங்கள் முறிந்துபோகின்றன. என் கருத்து இது: தன் சுவரில் மாட்டிய இயந்திரத்தின் பராமரிப்பு அதன் உரிமையாளர் செலவு. அடுத்தவர் சுவரிலோ பொதுச் சுவரிலோ கேட்காமல் மாட்டியிருந்தால் இடமாற்றமும் அவர் செலவே. ஓடிஎஸ்ஸில் எல்லாருடையதும் சேர்ந்து தொல்லையானால், ஏசி வைத்திருப்பவர்கள் பங்கு போட்டு மாடியில் ஒரு பொதுமேடை கட்டி எல்லாவற்றையும் ஏற்றுவது நியாயம். அங்கே ஏசி இல்லாத வீட்டுக்காரரிடம் பங்கு கேட்பது மட்டும் அநியாயம்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, பழைய 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. சங்கமும் அதன் துணைவிதிகளும் இந்தச் சட்டத்தின் கீழ் முறைப்படுத்தப்படும் இந்த நேரமே, அவுட்டோர் பற்றி நான்கு வரிகளைச் சேர்க்கச் சரியான நேரம். புதிய ஏசி பொருத்தும் முன் இடத்தைச் செக்ரட்டரியிடம் காட்ட வேண்டும். அடுத்தவர் படுக்கையறைச் சுவரில் ஆங்கிள் அடிக்கக் கூடாது. ரப்பர் பேட் கட்டாயம். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதம், எல்லா ஸ்டாண்டுகளையும் ஒரே மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒன்றாகச் செய்தால் தலைக்கு ஆகும் செலவு சொற்பம், யாரும் தன்னைத் தனியாகக் குற்றம் சாட்டுவதாக நினைக்கவும் மாட்டார்கள்.

பில்டர்கள் பங்கு இதில் பெரிது. மூன்று படுக்கையறை வீட்டை விற்கும்போது, மூன்று ஏசி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏசி பாயின்ட் என்று உள்ளே ஒயரிங் செய்து தருகிறார்கள். அவுட்டோர் எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் காட்டுவதில்லை. சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் அவுட்டோருக்கென்று கட்டடத்திலேயே மேடை இருக்கிறது. பயிற்சி பெற்றுப் பதிவான ஆள்தான் அதைப் பொருத்தலாம். 2018இல் சர்வதேச எரிசக்தி முகமை வெளியிட்ட கணிப்பின்படி, 2050க்குள் இந்தியாவில் 100 கோடிக்கும் மேற்பட்ட ஏசிகள் ஓடும். அத்தனையும் யாருடைய ஜன்னலுக்கு எதிரே நிற்கப்போகின்றன என்பதை, கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் மேசையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், உற்பத்தி நிலையிலேயே இருக்க வேண்டிய சத்த வரம்பு என்று ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. அதில் 1 முதல் 1.5 டன் வரையிலான விண்டோ ஏசிக்கு 68 டெசிபல் என்று எழுதியிருக்கிறார்கள். இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஸ்ப்ளிட் ஏசிகள். முதலில் அந்தப் பட்டியலைத் திருத்தி, அவுட்டோருக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திர ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே, எவ்வளவு சத்தம் போடும் என்ற எண்ணையும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட வைக்க வேண்டும். ஒலி மாசு விதிகளில் பல இயந்திரங்கள் சேர்ந்து தரும் சத்தத்துக்கும் ஒரு வரம்பு எழுத வேண்டும். அளவெடுக்க வரும் அதிகாரி, தூக்கம் கெட்டவரின் ஜன்னலருகே, சத்தம் அதிகமாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நின்று அளக்க வேண்டும்.